பள்ளி வாசலில் நம் பிள்ளை

(நம் பங்கின் பவளவிழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் பங்குச்சாமி பேச எழுந்தால் ஒன்று கோவில் வரலாறு சொல்லுவார், அல்லது கோபுர வேலைக்கு நன்கொடை கேட்பார் என்று எண்ணித்தான் பலர் வந்திருப்பீர்கள். இன்று அவ்விரண்டும் இல்லை. வருகிற ஜூன் மாதம் நம் ஊரிலிருந்து முதன்முதலாக ஒன்றாம் வகுப்பு வாசலை மிதிக்கப்போகும் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

எதற்காக இந்தப் பேச்சு என்று கேட்கலாம். நம் மேசைமேல் இருக்கும் திருமணப் பதிவேடுதான் காரணம். மணமகனும் மணமகளும் சாட்சிகளும் கையொப்பமிட வருகிறார்கள். அவர்களுள் கைநாட்டு வைப்போர் இன்று அநேகமாக இல்லை, அது மகிழ்ச்சியே. ஆனால் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு வரை சென்று வந்த வாலிபர்களுள் சிலர் தங்கள் பெயரை எழுதுவதில்லை, வரைகிறார்கள். எழுதியிருப்பது சரிதானா என்று வாசித்துப் பார்க்கச் சொன்னால், "சாமி பார்த்தா சரிதான்" என்று புன்னகையோடு ஒதுங்கிக்கொள்கிறார்கள். எட்டு ஆண்டு பள்ளிக்குப் போனவனுக்கு நான்கு வரி வாசிக்க வரவில்லை என்றால், அவன் அதை எட்டாம் வகுப்பில் இழக்கவில்லை. ஒன்றிலும் இரண்டிலும் இழந்தான். மீதி ஆண்டுகளெல்லாம் தனக்கு வாசிக்க வராது என்பதை மறைப்பதற்கே அவனுக்குச் சரியாயிருந்தது.

இது நம் ஊரின் குறை மட்டுமன்று. ஏசர் என்ற பெயரில் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசித்தவர் 2018-இல் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர். 2022-இல் ஐந்து பேர்கூட இல்லை. இடையில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளியில் சிறு வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் முதல் தேதி ஆயிற்று. அதன்பின் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 2022-இல் தொடங்கியது. நிலைமையும் ஓரளவு மீண்டிருக்கிறது. எனினும் பள்ளிக்கூடம் மட்டும் பார்த்துக்கொள்ளும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது.

முதலில் பிள்ளை பள்ளியில் ஒட்டிக்கொள்வதைப் பற்றிச் சொல்லுவோம். அழுகிற பிள்ளைக்கு எழுத்து ஏறாது. இதை அறியப் பெரிய மனநூல் எதுவும் கற்க வேண்டியதில்லை. பயந்திருக்கும்போது நமக்கே வாடிக்கையான வழி மறந்துபோகிறதல்லவா? குழந்தைக்கு எப்படி இருக்கும்!

அதுவரை தாயின் முந்தானையையும் பாட்டியின் மடியையும் தவிர வேறு உலகம் அறியாத பிள்ளை ஒரு நாள் காலையில் முப்பது முகங்களுக்கு நடுவே உட்கார வைக்கப்படுகிறது. அது அழுவதில் வியப்பில்லை. தாய் என்ன செய்கிறாள்? "அங்கே பார், காக்கா!" என்று காட்டிவிட்டு, பிள்ளை திரும்பும் நேரத்தில் நழுவிவிடுகிறாள். அன்று அழுகை சீக்கிரம் நின்றுபோகலாம். ஆனால் மறுநாள் முதல் அந்தப் பிள்ளை தாயின் சேலையைக் கண்ணால்கூட விடாது. அம்மா எந்த நொடியிலும் காணாமற்போவாள் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. பள்ளியில் கற்ற முதற்பாடம் அதுவாகிவிட்டதே! ஆகையால், தாய்மார்களே, சொல்லிவிட்டுப் போங்கள். "நாலு மணிக்கு வருவேன்" என்றால் ஐந்து வயதுக்கு விளங்காது. "சாப்பாட்டு மணி அடிக்கும், சாப்பிடுவாய், அப்புறம் கொஞ்ச நேரம் விளையாட்டு, அப்புறம் பாட்டி வாசலில் நிற்பாள்" என்று சொன்னால் விளங்கும். சொன்னபடி பாட்டி நிற்கவும் வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள் தாமதித்தாலும் பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை.

தந்தையர்க்கும் ஒரு வார்த்தை. விசைப்படகில் செல்வோர்க்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதோ பெரும்பாலும் ஜூன் முதல் வாரங்களில். ஆண்டு முழுவதும் இருட்டிலே கடலுக்குப் போய் இருட்டிலே திரும்பும் தகப்பன், தன் பிள்ளை பள்ளிக்குப் போகும் முதல் நாட்களில் வீட்டிலேயே இருக்கிறான். இதைவிட நல்ல வாய்ப்பு வேறு தொழிற்காரர்க்குக் கிடைக்காது. வலை பொத்துகிற வேலையும் எஞ்சின் பழுது பார்க்கிற வேலையும் இருக்கத்தான் செய்யும். ஒன்பது மணிக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய், ஆசிரியையிடம் "இவன் என் மகன்" என்று நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்தக் கைப்பிடி பிள்ளைக்கு எத்தனை தைரியம் கொடுக்கும்!

இன்னும் சில சிறு காரியங்கள். சிறியவைதாம், ஆனால் பிள்ளையின் நாளையே கெடுத்துவிடக்கூடியவை. கால்சட்டைப் பொத்தானைத் தானே கழற்றத் தெரியாமல், "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று கேட்கத் துணியாமல் நனைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் சிரித்ததால் மறுநாள் பள்ளிக்கு வர மறுத்த குழந்தைகள் உண்டு. தண்ணீர்ப் புட்டியின் மூடி திறக்க வராமல் நாள் முழுதும் தாகத்தோடு இருந்த குழந்தைகளும் உண்டு. மே மாதத்திலேயே இவற்றை வீட்டில் பழக்குங்கள். இரவு எட்டரைக்குப் படுக்கப் பழக்குங்கள். தொலைக்காட்சித் தொடர் முடியும் வரை விழித்திருந்த பிள்ளை காலை பத்து மணிக்கு 'அ' எழுத்தின்மேல் தலைவைத்துத் தூங்கும். வெறும் வயிற்றோடும் அனுப்பவேண்டாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024 முதல் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. நேரத்திற்குக் கொண்டுபோய் விட்டால் பிள்ளை உண்டுவிட்டே வகுப்பில் உட்காரும்.

பிள்ளையை மிரட்டுவதற்கு டீச்சரைப் பயன்படுத்தாதீர்கள். "இரு, டீச்சரிடம் சொல்லுகிறேன்" என்று வீட்டில் பத்து முறை சொல்லிவிட்டு, அதே டீச்சரிடம் அன்பாய்ப் போ என்றால் பிள்ளை எப்படிப் போகும்? நம் பெயரையும் இதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை அறிவோம். தெருவில் நம் வெள்ளை அங்கியைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளியும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்களே, அவர்களை நாம் என்ன செய்தோம்?

அடியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க" என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைத்த காலம் ஒன்று இருந்தது. இங்கே இருக்கும் தாத்தாமார் பலர் அப்படி ஒப்படைக்கப்பட்டவர்களே. "நாங்கள் அடிவாங்கித்தான் படித்தோம்" என்பார்கள். அடிவாங்கிப் படித்தவர்கள் இங்கே இருந்து பேசுகிறார்கள். அடிவாங்கியதால் ஓடிப்போனவர்கள் இங்கே இல்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடைசெய்கிறது. பள்ளியில் அடி நின்று வீட்டில் அது தொடருமானால் பயன் என்ன? ஓர் எழுத்தைத் தவறாகச் சொன்னதற்கு விழுந்த குட்டு அந்த எழுத்தைக் கற்பிக்காது. புத்தகத்தைக் கண்டால் தலையைத் தடவிக்கொள்ளும் பழக்கத்தைத்தான் கற்பிக்கும்.

பள்ளிக்கு விடாமல் அனுப்புவதும் இதில் அடங்கும். இங்கே நம் பக்கத்துக் காரியம் ஒன்று வருகிறது. தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26-இல் கொடியேறும். ஆகஸ்ட் 5-இல் திருநாள். பிள்ளை பள்ளியில் மெல்லக் கால் ஊன்றத் தொடங்கும் காலமும் அதுவே. பத்து நாளும் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பும் குழந்தை ஜூன் மாதத்து அழுகையை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. மாதாவைப் பார்க்கப் போகவேண்டாம் என்று ஒரு குருவானவர் சொல்வாரா? திருநாளுக்குப் போங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் மற்ற நாட்களில் மாலையில் போய் இரவே திரும்புங்கள்.

இனி, வாசிப்புக்கு வருவோம்.

தமிழில் எழுத்து 247 என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பிள்ளைகளைப் பயமுறுத்திவிட்டோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, கணக்கு சரிதான். ஆனால் பிள்ளை 247 உருவங்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் தெரிந்து, கால், கொம்பு, கொக்கி முதலிய குறிகள் எந்த ஒலியைத் தருகின்றன என்று பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவை தாமே வந்துவிடும். உகர ஊகார வரிசைதான் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அதில் மட்டும் பொறுமை வேண்டும். ட, ப, ம போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளை முதலில் காட்டி, மூன்றே எழுத்தில் 'படம்', 'மடம்' என்று சொல் சேர்க்கக் கற்பிக்கும் ஆசிரியைகள் நம் பாராட்டுக்கு உரியவர்கள். "இன்னும் 'அ, ஆ' முடிக்கவில்லையா?" என்று அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பதைப் பெரியவர்கள் அறிந்திருப்பது நல்லது. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இடப்பக்கம் இருப்பதைக் கடைசியில் சொல் என்கிறோம். 'கொ' என்றால் குறிகள் இருபுறமும் நின்று எழுத்தை நடுவில் வைத்துக்கொள்ளும். இங்கே தடுமாறும் பிள்ளை மந்தமானது அன்று. நன்றாகக் கவனிக்கிறது என்றே பொருள். எகர ஏகார வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து கொடுத்தவர், நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியிலும் தொண்டாற்றிய வீரமாமுனிவர். அதற்குமுன் குறிலுக்குப் புள்ளி வைக்கும் முறை இருந்தது. ஓலையில் எழுதுவோரோ பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். வாசிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கற்றறிந்த பெரியோர்க்கே அத்தொல்லை இருந்ததென்றால், நம் வீட்டுச் சிறுவன் 'கெ'யையும் 'கே'யையும் மாற்றிச் சொன்னதற்கு வானமா இடிந்துவிடும்?

தாத்தா பாட்டிமார்க்கு ஒரு குறிப்பு. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருமுன் படித்த நீங்கள் 'லை', 'ளை', 'னை' ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற வளைவோடு எழுதுவீர்கள். 'றா', 'னா' உங்கள் கையில் வேறு வடிவம். அன்று மாறியவை 13 எழுத்துகள். உங்கள் கையெழுத்தைப் பார்த்துப் பேரன் "பாட்டிக்குத் தப்பாத்தான் எழுதத் தெரியும்" என்று சொன்னால் மனம் வருந்தாதீர்கள். "அது எங்கள் காலத்து எழுத்து, இது உன் காலத்து எழுத்து" என்று இரண்டையும் சிலேட்டில் அருகருகே எழுதிக் காட்டுங்கள். பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு.

எழுத்தைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. பிள்ளை பேசுகிற தமிழ் வேறு; புத்தகம் பேசுகிற தமிழ் வேறு. வீட்டில் 'வாழப்பழம்', புத்தகத்தில் 'வாழைப்பழம்'. வீட்டில் 'போயிட்டான்', புத்தகத்தில் 'போய்விட்டான்'. எழுத்துக் கூட்டிப் பாடுபட்டு ஒரு சொல்லை முடிக்கும்போது, முடிந்தது தனக்குத் தெரிந்த சொல்லாக இருந்தால் குழந்தையின் முகம் மலர்கிறது. காதால் கேட்டறியாத சொல்லாக இருந்தால், தான் வாசித்தது சரியா தவறா என்றே அதற்குத் தெரிவதில்லை. ஆகையால் வாசிக்கும் முன்னரே புத்தகத் தமிழ் காதில் விழவேண்டும். கோவிலில் வாசகங்களைக் கேட்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஓரளவு கிடைக்கிறது. வீட்டிலும் கிடைக்கவேண்டும். வாசிக்கத் தெரிந்த அக்காவோ மாமாவோ நாள்தோறும் பத்து நிமிடம் ஒரு கதையை உரக்க வாசித்தால் போதும். ஒரே கதையை இருபது முறை கேட்கும், சலிக்காமல் வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி புத்தகம் இல்லாமலே கதை சொல்லட்டும். அதிலும் பிள்ளையின் சொல்வளம் பெருகும்.

அடுத்து, நம் கண்முன் ஞாயிறுதோறும் நடப்பதைச் சொல்லுகிறோம். மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் செப நூலைத் திறந்து வைத்துக்கொண்டு கணீரென்று சொல்லிக்கொண்டே போவான். தாய்க்குப் பெருமை. அருகில் போய்ப் பார்த்தால் நூல் தலைகீழாக இருக்கும்! மனப்பாடம் நல்லதுதான், ஆனால் மனப்பாடத்தை வாசிப்பென்று எண்ணி ஏமாறக்கூடாது. பள்ளிப் பாடத்திலும் இதுவே நடக்கிறது. சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்மேல் விரல் வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தால்தான் சொல்ல முடிகிறது என்றால், பிள்ளை இன்னும் வாசிக்கவில்லை. அதற்காகத் திட்டவேண்டாம். அந்தச் சொல்லைத் தனித்தாளில் எழுதி, எழுத்து எழுத்தாக ஒலித்துச் சேர்த்துக் காட்டுங்கள்.

"எங்களுக்கே வாசிக்க வராது, நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது, சாமி?" என்று சில தாய்மார் கேட்கிறார்கள். நம் கடற்கரையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கரையில் ஏற்றிவைத்த வள்ளங்களிலெல்லாம் பெயர் எழுதியிருக்கிறது. புனிதர்களின் பெயர், பிள்ளைகளின் பெயர், தாயின் பெயர். எழுதியவர்களும் பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். எந்த வள்ளம் யாருடையது, அதன் பெயர் என்ன என்று நம் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மாலையில் கரைப்பக்கம் நடந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, நீ சொல்லு" என்று பிள்ளையையே ஆசிரியராக்குங்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் இன்னும் நல்லது. அது உங்களுக்குக் கற்பிக்கும் மகிழ்ச்சியில் தானும் கற்கும். சூடை, சாளை, பாறை, ஊளி, நெத்திலி என்று அது நாள்தோறும் வாயால் சொல்லும் பெயர்களை மூத்த பிள்ளையைக் கொண்டு தாளில் எழுதி வாங்குங்கள். பார்த்தறியாத பனிக்கரடியைவிடச் சட்டியில் கொதிக்கிற சாளை வாசிப்புக்கு ஏற்ற சொல்.

ஆங்கிலப் பள்ளிப் பேருந்து இப்பொழுது நம் தெருவுக்கும் வருகிறது. மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் சேர்ப்போரை நாம் குறைகூறவில்லை. பிள்ளை முன்னேறவேண்டும் என்ற ஏக்கம்தான் காரணம். ஆனால் வீட்டில் யாரும் பேசாத மொழியில், இன்னும் குச்சி பிடிக்கவே வராத விரலால் இரண்டு நெடுங்கணக்கையும் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால் இரண்டும் அரைகுறையாகும். தான் பேசும் மொழியில் வாசிக்கக் கற்ற பிள்ளை, வாசிப்பு என்பது எப்படி நடக்கிறது என்பதையே கற்றுவிடுகிறது. அடுத்த மொழிக்கும் அது உதவும். அங்கே சேர்த்தவர்களும் வீட்டில் தமிழ் வாசிப்பை விட்டுவிடவேண்டாம்.

ஒன்றாம் வகுப்பில் எழுத்தைத் திருப்பி எழுதுவதும், ல-ள, ன-ண குழம்புவதும் வழக்கமே. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்கவேண்டாம். ஆனால் இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயிலும் இரண்டு எழுத்தைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை என்றால், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடவும் வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கரும்பலகை தெரியாமலே இரண்டு ஆண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. கண்ணும் காதும் சரியாயிருந்தால் ஆசிரியையிடம் கேட்டு, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு நல்ல அறிவுள்ள பிள்ளைகளுக்கும் வரும். அதற்கென்று தனிப் பயிற்சி முறைகள் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டு வயதில் கேட்கவேண்டிய உதவியைப் பதினான்கு வயதில் கேட்டால் பிள்ளை உட்கார மறுத்துவிடும். அதற்குள் கடல் அவனைக் கூப்பிட்டுவிடும்.

1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழெழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல். அதை ஆக்கிய ஹென்றிக் ஹென்றிகஸ் அடிகளார் நம் முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்தவர். அவர்கள் வாசிக்கவேண்டும் என்றுதான் அப்பாடு பட்டார். நம் முன்னோர்க்காக அச்செழுத்து வார்க்கப்பட்டு நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் திருமணப் பதிவேட்டின் முன் ஒரு வாலிபன் தலைகுனிந்து நிற்கிறான் என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

ஆகவே பங்குப் பேரவையோடு கலந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் முதல், திங்கள் தொடங்கி வெள்ளி வரை, மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை கோவில் வராந்தாவில் விளக்கெரியும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரலாம். எந்தச் சபைப் பிள்ளை, எந்தச் சமயத்துப் பிள்ளை என்று கேட்கமாட்டோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறுவர் வாசித்துக் காட்ட இசைந்திருக்கிறார்கள். இது டியூஷன் அன்று. வீட்டுப்பாடம் எழுதித் தரமாட்டார்கள். பெரியவர்கள் யாரும் வாசிக்கப் பழக விரும்பினால் பின்வரிசையில் வந்து உட்காரலாம், பெயர் கேட்கமாட்டோம். வீட்டில் கிழியாத கதைப் புத்தகம் இருப்பவர்கள் உபதேசியாரிடம் கொடுத்துவையுங்கள். வரும் பிள்ளை ஒரு பாயும் சிலேட்டும் கொண்டுவரட்டும். குச்சி நாம் தருகிறோம்.